ஆறு பெரிதா, எட்டு பெரிதா?

திருச்செங்கோட்டுக் கடைவீதியில், நல்ல கூட்ட நேரத்தில், ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருமினால் எப்படி இருக்கும்?

எனக்குத் தெரியும். போன வாரம் நான் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. படுத்திருந்தேன். அந்தக் காரில் சீட் என்பது, ரோட்டுக்கும் நமக்கும் நடுவே மரியாதைக்குப் போட்டு வைத்த ஒரு மெத்தை. என் ஜன்னலுக்கு நேராகப் பக்கத்தில் நின்ற, போர்வெல் போடுகிற ரிக் லாரியின் சக்கர நட்டுகள் தெரிந்தன. மேலே, மேகத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருந்து அந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னங்க்கா, பெட்ரோலு தீந்து போச்சுங்களா?"

பெட்ரோல் இருந்தது. வண்டிதான் 'குக்… குக்…' என்று இருமி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிட்டது.

பின்னால் ஹாரன். பூக்கடைக்காரம்மா, செருப்புக் கடைக்காரர், பரோட்டா மாஸ்டர் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்தவர் என் நங்கையா. எங்கள் கொங்குப் பக்கத்தில் பெண்கள் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் கலாமணி. ஐம்பதைத் தாண்டியவர். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் வியர்த்து ஊற்றியிருக்கும். நங்கையா சிரித்துக்கொண்டிருந்தார்!

சிரித்துக்கொண்டே போனை எடுத்து என் அண்ணனைக் கூப்பிட்டார். குரலை மட்டும் சோகமாக்கிக்கொண்டார்.

"ஏனுங்க… மறுக்காவும் இருமுதுங்க. கடைவீதில நின்னே போச்சு. பைபாசுக்குப் போயி ஒரு ஓட்டு ஓட்டிப்போட்டு வரட்டுங்களா?"

அந்தப் பக்கம் அண்ணனின் குரல், நசுங்கிப்போய்: "செரி… போயிட்டு வா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதைச் சொல்வது என் அண்ணனா? மனைவி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் போட்ட மனுஷனா?

என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு விரல் நீளச் சாமான். ஸ்பார்க் பிளக்.

என் அண்ணன் குழந்தைவேலுக்கு ரிக் லாரித் தொழில். எந்த மாநிலத்தில் தண்ணீர் இல்லையோ அங்கெல்லாம் அண்ணனின் வண்டி போய் ஓட்டை போடும். நங்கையா நாமக்கல் ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பண்ணை அவர் பெயரில், உழைப்பும் அவருடையது. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் கோயமுத்தூர் போனவர் இந்த சிவப்புக் காரோடு திரும்பி வந்தார். செகண்ட் ஹேண்ட்தான். ஆனால் பார்த்தால் பல்லி மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டு, பாயத் தயாராக நிற்கும்.

ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து பார்த்தார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "ஏனுங்க அக்கா, ரெண்டே சீட்டுத்தானுங்களா? குடும்பத்தோட எப்படிப் போவீங்க?" என்று கேட்டார்கள்.

"போகோணும்னு யாரு சொன்னா?" என்றார் நங்கையா.

ஒரு வாரம் கழித்து, அண்ணன் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டு வந்து வண்டிக்குள் மாட்டினார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. லாரிகளில் வைக்கும் ஜிபிஎஸ். வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை வேகத்தில் போகிறது என்று எல்லாவற்றையும் அண்ணனின் போனுக்குச் சொல்லிவிடும். அறுபதைத் தாண்டினால் போன் 'கீ கீ' என்று கத்தும். கத்திய மறு நிமிடம் அண்ணன் நங்கையாவைக் கூப்பிடுவார். "எங்க போயிட்டு இருக்கற? என்ன அவசரம்?"

நங்கையா என்னிடம் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார். "லாரி டிரைவருக்கு வெக்கிற பொட்டிய எனக்கும் வெச்சுப்போட்டாங்க, அம்மிணி." அவ்வளவுதான். ஆனால் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு பண்ணையையே கட்டி ஆள்கிற மனுஷி. தன் வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

இந்த நிலைமையில்தான் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. சேலத்திலிருந்து சேகர் என்ற மெக்கானிக் வந்து பார்த்தார். பிளக் தேய்ந்துவிட்டது, நாலையும் மாற்றிவிடலாம் என்றார்.

"நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் இன்ஜின் தெரியாதவர்கள் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்தபடியே, ரோட்டில் போகிற லாரியின் சத்தத்தை வைத்து எந்தப் பாகம் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அதில் என் அண்ணன் பெரிய கை. ஆனால் ஒரு சின்னச் சிக்கல். ரிக்கும் லாரியும் ஓடுவது டீசலில். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் என்ற சாமானே கிடையாது. உள்ளே காற்றை அழுத்துகிற அழுத்தத்தில் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோலுக்குத்தான் பொறி வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பிளக். ஆக, இன்ஜினிலேயே ஊறிய ஊரில் பிளக் பற்றிய அறிவு மொபெட்டோடு நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா?

அண்ணனின் ஜீப்பில் மூன்று பேரும் சேலம் போனோம். எனக்கு அங்கே பல் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. போகிற வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் வண்டியின் விவரத்தைக் கேட்டு, இரண்டு வகை டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"கம்பெனி போட்டு வர்றது இதுங்க, ஆறாம் நம்பரு. இன்னொண்ணு எட்டுங்க. மரை அளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஹீட்டுதான் வேறங்க. வண்டிய எப்படிங்க ஓட்டுவீங்க?"

"எப்படின்னா? ஸ்போர்ட்ஸ் காருங்க அது" என்றார் அண்ணன்.

"இல்லீங்க, ஊருக்குள்ள மெதுவா ஓட்டறதுன்னா ஆறே போதுங்க. எட்டு வந்து ரேஸ் ஓட்டறவங்க வாங்கறது…"

ரேஸ் என்ற வார்த்தை அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் சொன்னது எதுவும் விழவில்லை.

"எட்டே குடுங்க."

"ஏனுங்க, பழைய நம்பரே வாங்கிக்கலாமுங்களே" என்றார் நங்கையா மெதுவாக.

அண்ணன் திரும்பினார். "ஏம்புள்ள, ஆறு பெருசா, எட்டு பெருசா?"

"எட்டுதானுங்க. ஆனா…"

"அப்புறம் என்ன ஆனா? நான் இன்ஜினுக்குள்ளயே பொறந்து வளந்தவன். உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். நங்கையா வாயை மூடிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும் – நங்கையா பேசினால் பயப்பட வேண்டியதில்லை. பேச்சை நிறுத்தினால்தான் கவனமாக இருக்க வேண்டும்.

ஜீப்பை அண்ணன் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது, "குடைய மறந்துட்டேன்" என்று நங்கையா திரும்பக் கடைக்குள் போய் வந்தார். அன்று வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. நான் பல்வலியில் இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டாம் நம்பர் பிளக் வண்டியில் ஏறியது. முதல் சில நாள் ஜோராக ஓடியது. "பாத்தியா?" என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னார். அப்புறம் இருமல் ஆரம்பித்தது.

காரணம் பின்னால் எனக்கு சேகர் சொல்லித்தான் புரிந்தது. பிளக்கின் முனை எப்போதும் நெருப்புக்குள்ளேயே இருக்கிறது. அது ஓரளவு சூடாக இருந்தால்தான், தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அளவுக்கு மீறிச் சூடானாலும் ஆபத்து – பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு இன்ஜினைக் கெடுக்கும். ரேஸ் வண்டி எப்போதும் முழு வேகத்தில், கொதிக்கக் கொதிக்க ஓடுகிறது. அதற்குச் சூட்டைச் சட்டென்று வெளியே கடத்துகிற, குளிர்ச்சியான பிளக் வேண்டும். இந்தக் கம்பெனிக் கணக்கில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. வேறு சில கம்பெனிகளில் எண் ஏற ஏறச் சூடாம்! பெரிய எண் என்றால் நல்ல பிளக் என்று எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை.

ஊருக்குள் நாற்பதில் உருளுகிற வண்டிக்கு ரேஸ் பிளக் போட்டால் என்ன ஆகும்? சூடே ஏறாது. கரி படியும். வண்டி இருமும்.

சேகர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அடுப்புக்கரி தோற்றது. சுத்தம் செய்துகொண்டே சொன்னார்: "பழைய நம்பருக்கே மாத்திருங்க. இல்லாட்டி அப்பப்ப ஹைவேயில வேகமா ஓட்டோணுங்க. சூடு ஏறுனா கரி தானா எரிஞ்சு போயிரும்."

அண்ணனுக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, தான் வாங்கியது தப்பு என்று மனைவி முன்னால் ஒப்புக்கொள்வது. இன்னொன்று, மனைவியை வேகமாக ஓட்ட விடுவது.

எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்று ஆண் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

"வாரத்துக்கு ஒருக்கா பைபாஸ்ல ஓட்டிட்டு வா" என்றார். "எம்பதுல." எண்பதில் இருமல் முழுசாகப் போகவில்லை என்று நங்கையா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சொன்னார். "செரி… போர்டுல என்ன வேகம் போட்டிருக்குதோ அது வரைக்கும்." போனில் கீ கீ சத்தத்தையும் நிறுத்தி வைத்தார். பெட்டி மட்டும் அதே இடத்தில் இருந்தது.

இப்படித்தான், போன வாரம் கடைவீதியில் வண்டி நின்றபோது அந்த போன் கால். அந்த 'செரி, போயிட்டு வா.'

வண்டி கொஞ்சம் முனகிவிட்டு மறுபடி ஸ்டார்ட் ஆனது. சங்ககிரி தாண்டி பைபாஸ் ஏறினோம். நங்கையா கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், மிதித்தார். எனக்கு முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. முதலில் ஒரு செருமல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் தொண்டை திறந்த மாதிரி வண்டி ஒரே சுருதியில் பாட ஆரம்பித்தது. சாலையோர வேப்ப மரங்கள் ஓடின. நங்கையாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கல்யாண ஆல்பத்தில்கூட அவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்க மாட்டார்.

குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்துக்கு முன்னால் ஒரு கடையில் நிறுத்தினோம். டீ கொட்டிவிட்டது. துடைக்கத் துணி இருக்கிறதா என்று டேஷ்போர்டைத் திறந்தேன்.

உள்ளே ஒரு டப்பா. பிரிக்காத ஸ்பார்க் பிளக் செட். ஆறாம் நம்பர்.

"நங்கையா, இது…"

"அன்னிக்கே வாங்கினதுங்க அம்மிணி" என்றார், டீயை ஊதிக்கொண்டே.

குடை!

"அப்புறம் ஏன் இத்தனை நாளா மாத்தலை?"

நங்கையா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாத்துனா இருமாதுங்களே."

எனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சிரித்து முடித்த பிறகு, "எங்கண்ணன் பாவம் இல்லையா?" என்று கேட்டேன்.

"பாவந்தான். நான் மட்டும் என்னவாம்? ஒரு வார்த்த, 'நீ சொன்னதுதாஞ் செரி'ன்னு சொல்லட்டும். அந்த நிமிசமே மாத்திக்கறேன்." அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார். மழை பற்றிப் பேசினார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து டேபிளில் வைத்தார்.

ஸ்பார்க் பிளக் செட். ஆறாம் நம்பர்!

நான் டப்பாவை எடுத்து, நம்பரை இன்னொரு தடவை படித்தேன்.

"கண்ணு, நீ ஒரு சோலி பண்ணோணும். ஏதாச்சும் சாக்குச் சொல்லி வண்டிய சேகர்கிட்ட உட்டு, இத மாட்டிப்போடு. உன்ற நங்கையாவுக்குத் தெரிய வேண்டாம்."

"ஏங்ண்ணா? அவங்ககிட்டயே சொல்லிடலாமே, நான் வாங்கினது தப்புன்னு."

"அதெல்லாம் ஆகாது."

"அப்ப இருமிட்டே கெடக்கட்டும்."

அண்ணன் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "எனக்குப் பயமா இருக்குது, கண்ணு. இந்தத் தொழில்ல எத்தன போன் வந்திருக்கும் எனக்கு. வண்டி பெரண்டு போச்சுங்க, டிரைவர ஆஸ்பத்திரில சேத்திருக்குதுங்கன்னு… அவ பைபாஸ் ஏறிட்டான்னா, திரும்பி வார வரைக்கும் எனக்குச் சோறு எறங்கறதில்ல. அந்தப் பொட்டிய வெச்சது அவள அடக்கறதுக்கா? எங்க இருக்கறான்னு தெரிஞ்சா ஒரு நிம்மதி."

"இத அவங்ககிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

"இதையெல்லாம் எப்படிச் சொல்றது?"

இன்ஜினுக்குள் பிறந்தவருக்கு அது மட்டும் வராது. நான் ஒரு நிபந்தனை போட்டேன். "மாட்டித் தர்றேன். ஆனா அடுத்த தடவ நீங்க அந்தக் கார்ல பக்கத்து சீட்டுல உக்காந்து போகோணும். அவங்க எப்படி ஓட்டறாங்கன்னு ஒருக்காவாச்சும் பாத்திருக்கீங்களா?"

அண்ணன் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். முடியாது என்று சொல்லவில்லை.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். புருஷனின் ரகசியம் ஒரு கையில், பெண்டாட்டியின் ரகசியம் இன்னொரு கையில். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நம்பர்.

என்னால் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். நேராகப் பண்ணைக்குப் போனேன். நங்கையா முட்டை அட்டைகள் லாரியில் ஏறுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கொடுத்த டப்பாவை நீட்டினேன். யார் கொடுத்தது என்று சொன்னேன். சோறு இறங்காததையும் சொன்னேன்.

நங்கையா டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவியளே போயி வாங்கினாங்களா?"

"ஆமா."

"ஆறாம் நம்பருன்னு கேட்டா?"

"ஆமாங்கறேன்."

லாரிக்காரர் ஏதோ கேட்டார். நங்கையா காதில் வாங்கவில்லை. முந்தானையால் டப்பாவின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

"இதையே மாட்டிக்கலாங்க" என்றார். டேஷ்போர்டில் இருந்த தன்னுடைய செட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

சேகர் மாட்டிக் கொடுத்தார். இருமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அந்தக் காரில் ஏறினார். ஏறினார் என்பது சுருக்கம். ஒரு காலை வைத்து, தலையைக் குனிந்து, மறு காலை எடுக்க முடியாமல், கடைசியில் உட்கார்ந்தபடியே உள்ளே விழுந்தார். கதவைச் சாத்தியவள் நான்தான். சீட் பெல்ட்டை ஜெபமாலை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அவர் சொன்னது இது. சங்ககிரிக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி சிக்னல் போடாமல் குறுக்கே வந்திருக்கிறது. அண்ணன் கத்த வாயைத் திறப்பதற்குள் வண்டி வேகம் குறைந்து ஒதுங்கியே போயிருந்ததாம். "அவன் ஒடிக்கப் போறான்னு அவளுக்கு முன்னயே தெரிஞ்சிருக்குது, கண்ணு. கண்ணாடி பாத்தே ஓட்டறா. இவள மாதிரி ஒரு டிரைவர் என்ற லாரிக்குக் கெடச்சா…" என்று இழுத்தவர், கொஞ்சம் தள்ளி நின்ற நங்கையாவைப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த பிளக்கு… நீ அன்னிக்குச் சொன்னதுதாஞ் செரி" என்றார். ரொம்ப மெதுவாக. ஆனால் கேட்டது.

நங்கையா உள்ளே போய், ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார். அண்ணன் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தானே கழற்றினார்.

"இதை எங்கீங்க மாட்டப் போறீங்க?" என்று கேட்டார் நங்கையா.

"ஏதாச்சும் லாரில போட்டுக்கலாம்."

"உங்க ஜீப்புல மாட்டுங்க. நீங்க எங்க இருக்கறீங்கன்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு நிம்மதியா இருக்குமில்லீங்க?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே… நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

சரியான பிளக் எது? விலை கூடியதும் இல்லை, எண் பெரியதும் இல்லை. நாம் தினமும் ஓடுகிற ஓட்டத்துக்கு ஏற்ற சூட்டில் இருப்பது. இதைக் கண்டுபிடிக்க எங்கள் குடும்பத்துக்கு இரண்டு செட் போதவில்லை, மூன்று வேண்டியிருந்தது.

டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கும் என் அண்ணனின் ஜீப், நேற்று சாயங்காலம் போண்டாக் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றிருந்ததாம்!